நாற்பத்தேழாம் எண் தொப்பி

“மாப்பிள்ளை, வேற எது வேணும்னாலும் செய்ங்க. எம் பொண்ணுகிட்ட பந்தயம் மட்டும் கட்டாதீங்க. ஏன்னா...”

ஏன்னாவுக்கு அப்புறம் மாமனார் ஒரு காரணமும் சொன்னார். நல்ல காரணமாகத்தான் இருந்திருக்க வேண்டும். பஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு, கைவிரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார். அதில் பாதியை டிரைவர் ஹார்ன் அடித்து விழுங்கிவிட்டார். மீதிப் பாதி புது மாப்பிள்ளையின் மிதப்பில் கரைந்துபோயிற்று. இருபத்துமூன்று வருஷம் கழித்து யோசித்துப் பார்த்தால், ஆட்டிய விரல்தான் ஞாபகத்துக்கு வந்தது. காரணம் வரவில்லை.

வந்திருந்தால் இந்தக் கதை இல்லை.

மாப்பிள்ளை இப்போது எடை அளவு ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசைச் சோதித்து முத்திரை குத்துகிற உத்தியோகம். அவர் தெருமுனையில் திரும்பினாலே தராசுத் தட்டுகள் தாமாக நடுங்கும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். இரண்டு கிராம் குறைந்தாலும் விடமாட்டார். இரண்டு கிராம் கூடினாலும் விடமாட்டார். ஒருமுறை கூடுதலாகப் போட்ட கடைக்காரரைத் திட்டியதற்கு, வாங்க வந்தவர் இவரை அடிக்க வந்ததாகக் கேள்வி. தப்பு என்று ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் அதைத் திருத்தாமல் அவருக்கு மூச்சு உள்ளே போகாது. போனாலும் வெளியே வராது.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு பைத்தியமும் இருந்தது. ‘லிப்ட் மேலே போகிறது’ என்று ஒரு பழைய தொலைக்காட்சித் தொடர். இருநூற்றுப் பதினான்கு பாகம். பன்னிரண்டு மாடிக் கட்டிடத்தில் லிப்ட் ஓட்டுகிற ஒருவர், லிப்டை விட்டு ஓர் அடி வெளியே வைக்காமல் கொலை, கொள்ளை எல்லாவற்றையும் துப்புத் துலக்குவார். ஏறுகிறவன் செருப்பைப் பார்ப்பார். நாலாம் மாடியில் ஒரு இருமல் இருமுவார். ஏழாம் மாடியில் கதவு திறக்கும்போது வெளியே போலீஸ் நிற்கும். தொடர் முடிந்து எத்தனையோ வருஷமாயிற்று. அதன் ரசிகர்கள் மட்டும் முடியவில்லை. அறுபத்துமூன்று பேர் இணையத்தில் ஒரு குழு வைத்து, ஆறு வருஷமாக ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுக் குடைந்துகொண்டிருந்தார்கள்.

“எண்பத்தெட்டாம் பாகத்தில் லிப்டுக்குள் வந்த ஈ எந்த மாடியில் வெளியே போனது?”

“போகவில்லை. ஒன்பதாம் மாடியில் அடிபட்டது.”

இந்தத் தரத்தில் கேள்விகள்.

விளையாட்டுக்கு ஒழுங்கு உண்டு. ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நடுவர் ‘பீப்ப்ப்’ என்று எழுதுவார். அவர் ஓய்வு பெற்ற ரயில்வே கார்டு. விசில் இல்லாமல் எதையும் ஆரம்பிக்கத் தெரியாது. சுற்று தொடங்கியதும் அவர் முதல் கேள்வி கேட்பார். யார் சரியாகச் சொல்கிறாரோ அவர் அடுத்த கேள்வி கேட்க வேண்டும். இப்படியே ஒரு வாரம் சங்கிலி ஓடும். நடுவர் ‘சரி’ என்று சொன்ன பதில் பத்து நிமிஷம் காத்திருக்கும். அதற்குள் ஆட்சேபம் வராவிட்டால் ‘கல்வெட்டு’ என்கிற நிரந்தரப் பட்டியலில் ஏறிவிடும். ஏறினால் ஏறியதுதான். அப்புறம் நடுவரே நினைத்தாலும் மாற்ற முடியாது. ஆட்சேபம் சொல்வதற்கும் ஒரு தகுதி வேண்டும்: ஐந்து வருஷமாவது உறுப்பினராக இருந்திருக்க வேண்டும், ஆதாரப் படமும் போட வேண்டும். இத்தனை சட்டத்தையும் எழுதியவர் யார் என்று சொல்லத் தேவையில்லை. கமா புள்ளி உட்பட எல்லாம் ஆய்வாளர்தான்.

குழுவில் அவருக்குத் ‘தொப்பி’ என்று பெயர். காரணம், லிப்ட்காரர் தலையில் இருந்த அந்தச் சிவப்புத் தொப்பி இப்போது அவரிடம் இருக்கிறது. பதினொரு வருஷத்துக்கு முன், தொடருக்கு உடை தைத்த தையல்காரரைத் தேடிப் பிடித்து வாங்கியது. வீட்டுப் பின்னறையில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்கு ஒரு பூட்டு, உள்ளே தொப்பி. சுற்றிலும் ஒளிநாடாக்கள், பத்திரிகைத் துண்டுகள், லிப்ட் பொத்தான் பலகை ஒன்று. குழுவில் பாதிப் பேர் நம்பவில்லை. “ஏதாவது ஓட்டல் வாசல்ல நிக்கற ஆளோட தொப்பியா இருக்கும்” என்று கிண்டல் செய்தார்கள்.

ஆய்வாளர் சிரித்துக்கொள்வார். அவரிடம் ஓர் அஸ்திரம் இருந்தது. நூற்றுப்பன்னிரண்டாம் பாகத்தில் தொப்பி மூன்று விநாடி தலைகீழாக விழும். உள்பட்டையில் சிவப்பு நூலில் ஓர் எண் தைத்திருப்பது தெரியும். பதினேழா, நாற்பத்தேழா? நிழல் விழுந்து முதல் இலக்கம் தெரியாது. உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆத்மா தான் மட்டும்தான் என்பது ஆய்வாளரின் எண்ணம். நாற்பத்தேழு. முந்நூறாவது சுற்றில் அதைப் போட்டு உடைத்து, கிண்டல் செய்த வாய்களையெல்லாம் ஒரேயடியாக அடைப்பது என்று ஆறு வருஷமாக அடைகாத்து வைத்திருந்தார்.

வாய் என்றதும் மனைவியைச் சொல்ல வேண்டும். அந்த அம்மாளுக்குத் தொழில் பல்செட் செய்வது. டாக்டர்கள் வாயை அளவெடுத்து அனுப்புவார்கள். இவர் மெழுகில் வடித்து, பல் பதித்து, தேய்த்து, மெருகேற்றிக் கொடுப்பார். வேலை நடக்கும் இடம், வேறு வழியில்லாமல், சாப்பாட்டு மேஜை. ஆய்வாளர் சாப்பிட உட்கார்ந்தால் எதிரே நாலைந்து பேர் இளித்துக்கொண்டிருப்பார்கள். ஆட்கள் இருக்க மாட்டார்கள். இளிப்பு மட்டும்.

ஒரு சனிக்கிழமை காலை, டீயில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தார். கோரைப்பல்.

“ஏம்மா! இது யாருது?”

“ஐயோ, கிடைச்சுதா? காலையிலேர்ந்து தேடறேன். மெல்லாம குடுங்க.”

“இது மனுஷன் சாப்பிடற இடமா, இல்ல சாப்பிட்ட மனுஷனை வைக்கற இடமா?”

“அதைத்தான் நானும் ஏழு வருஷமா கேக்கறேன். பின்னறையைக் குடுங்க. ஒரு பெஞ்சு, ஒரு அலமாரி. என் பல்லெல்லாம் என்னோட போயிடும்.”

“பின்னறையா? அது மியூசியம்!”

“யார் வந்து பாக்கறா?”

“பாக்கறதுக்கா மியூசியம்? இருக்கறதுக்கு!”

“நாள் பூரா அந்தப் போனைத் தடவிக்கிட்டு, ஈ எந்த மாடியில செத்ததுன்னு சண்டை. அதை விட்டா உங்களால ஒரு மாசம் உயிரோட இருக்க முடியாது.”

“முடியும்!”

“முடியாது.”

“பந்தயம்!”

சொல்லிவிட்டார். மாமனாரின் விரல் ஒரு கணம் கண்முன்னால் ஆடியது. ஆய்வாளர் அதை ஈ ஓட்டுவதுபோல் ஓட்டிவிட்டார்.

மனைவி கோரைப்பல்லைத் துடைத்துக்கொண்டே நிபந்தனை சொன்னார். “முப்பது நாள். கடைசி நாள் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும். அந்தக் குழுவில தொப்பிங்கற உங்க பேருல ஒரு வரி வந்தாலும் அறை எனக்கு. வரலைன்னா ஜென்மத்துக்கும் அறையைப் பத்தி வாயைத் திறக்க மாட்டேன்.”

பேரு! ஆய்வாளரின் காதில் அந்த ஒரு சொல் தேனாக விழுந்தது. அந்தப் பேரில்தானே எழுதக்கூடாது? இந்தப் பெண்ணுக்குச் சட்டம் எழுதத் தெரியவில்லையே என்று பரிதாபப்பட்டார். பரிதாபத்தை மறைக்க மூன்றாவது டம்ளர் டீ குடித்தார்.

மறுநாளே குழுவில் புதிதாக ஒருவர் சேர்ந்தார். பெயர், ‘மாடிப்படி’.

மாடிப்படி விவரமான ஆள். தொப்பி எழுதினால் முற்றுப்புள்ளி துல்லியமாக இருக்கும். ஆகவே மாடிப்படி வரிக்கு நாலு ஆச்சரியக்குறி போட்டார். தொப்பி ஒருநாளும் சிரிக்க மாட்டார். மாடிப்படி எதற்கெடுத்தாலும் ‘ஹாஹா’ என்றார். ஒவ்வொரு ஹாஹாவுக்கும் ஆய்வாளருக்கு உடம்பு கூசியது. ஆனால் அறைக்காகப் பொறுத்துக்கொண்டார். அலுவலகத்தில் எடைக்கற்கள் வைக்கிற சேமிப்பறையில் நின்றுகொண்டு விளையாடினார். வீட்டில் குளியலறை. குழாயைத் திறந்துவிட்டு, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து பதில் எழுதுவார்.

“என்னங்க, இன்னிக்கு மூணாவது குளியலா?”

“வெயில் தாங்கல!”

“மழை பெய்யுது.”

“அதான் புழுக்கம்!”

நாட்கள் ஓடின. பழைய உறுப்பினர்கள் ‘தொப்பி எங்கே? உடம்பு சரியில்லையா?’ என்று விசாரித்தார்கள். ‘தொப்பி போனால் என்ன, அதுதான் மாடிப்படி இருக்கிறாரே’ என்று ஒருவர் எழுதினார். தன்னை விடத் தானே மேல் என்று படிக்க நேர்ந்தது அவருக்கு மட்டும்தான். அன்று சாப்பாடு இறங்கவில்லை.

இன்னொரு காரணமும் இருந்தது. மேஜையில் ஒரு பல்செட் பதினைந்து நாளாக எதிரே உட்கார்ந்து இளித்துக்கொண்டிருந்தது. மற்றவை வரும், போகும். இது மட்டும் போய்ப் போய்த் திரும்பி வந்தது.

“யாரும்மா இந்தாளு? வாயா, பஸ் டிப்போவா?”

“கடி சரியா உக்கார மாட்டேங்குது. நாலு தடவை கிளினிக்குக்குப் போய் நானே அளவு பாத்துட்டேன். ரொம்ப நல்ல மனுஷர். பாவம், பல்லு போனதுலேர்ந்து யார்கிட்டயும் பேசறதே இல்லையாம். எல்லாம் எழுத்துதான்.”

“என்னைப் பாத்து இளிக்குது. அந்தப் பக்கம் திருப்பி வை.”

“இருக்கட்டும்ங்க. உங்களைப் பாத்துக்கிட்டே இருக்கட்டும்” என்றார் மனைவி.

முப்பதாவது நாள் விடிந்தது. ஞாயிற்றுக்கிழமை. காலண்டரைப் பார்த்த ஆய்வாளருக்குத் திக்கென்றது. இன்றைக்குத்தான் முந்நூறாவது சுற்று! ஊரார் தராசையெல்லாம் அளந்தவர் இந்த ஒன்றை அளக்க மறந்துவிட்டார். ஆறு வருஷம் அடைகாத்த அஸ்திரம். விட வேண்டிய நாளில் வில்லாளன் பெயரே இல்லாமல் குளியலறையில் உட்கார்ந்திருக்கிறான். பரவாயில்லை, தொப்பியை முந்நூற்றொன்றாவது சுற்றில் அவிழ்த்துவிடலாம் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். அறை முக்கியம்.

மூன்றரை மணிக்கு வாசல் மணி அடித்தது. தச்சர், கையில் டேப்போடு.

“அம்மா வரச் சொன்னாங்க. பின்னறையில பெஞ்சுக்கு அளவெடுக்கணுமாம்.”

ஆய்வாளர் விழுந்து விழுந்து சிரித்தார். “ஏம்மா, ஆறு மணிக்கு இன்னும் ரெண்டரை மணி நேரம் இருக்கு! முப்பது நாள்ல என் பேருல ஒரு வரி வந்திருக்கா?”

“வரலையே.”

“அப்புறம் இவரை எதுக்குக் கூப்பிட்டே?”

“ஞாயித்துக்கிழமைதான் அவருக்குத் தோதுப்படும். அண்ணே, உக்காருங்க. டீ தரேன்.”

தச்சர் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். பல்வரிசைகளைப் பார்த்து, மரியாதைக்கு அவரும் கொஞ்சம் பல்லைக் காட்டினார்.

நாலு மணி. ‘பீப்ப்ப்!’ முந்நூறாவது சுற்று. நடுவரின் முதல் கேள்வி: ‘நூற்றுப்பன்னிரண்டாம் பாகம். தொப்பியின் உள்பட்டையில் தைத்திருந்த எண் என்ன?’

குளியலறை வாளிமேல் உட்கார்ந்திருந்த ஆய்வாளருக்குப் புல்லரித்தது. தன் கேள்வி! பெருவிரல் தானாக எழுத்துப் பலகைக்குப் போயிற்று. பாதி வழியில் நிறுத்தினார். இது பொறி. தெரிந்த ஆள் ஒருத்தன்தான். மாடிப்படி பதில் சொன்னால் மாடிப்படிதான் தொப்பி என்று ஊருக்கே வெளிச்சமாகிவிடும். விரலை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம். யாரும் வாய் திறக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தார்.

அப்போது, ‘மூணாவது பட்டன்’ என்கிற ஓர் உறுப்பினர் சும்மா எறிந்து பார்த்தார்: ‘17?’

நடுவர்: ‘சரியான விடை! பதினேழு. கல்வெட்டில் ஏறுகிறது. பத்து நிமிஷம்.’

குழாயை மூடக்கூட மறந்து ஆய்வாளர் கூடத்துக்கு ஓடி வந்தார். “தப்பு! தப்பு!”

“என்னங்க தப்பு?” மனைவி தச்சருக்குப் பிஸ்கெட் வைத்துக்கொண்டிருந்தார்.

“பதினேழாமே! கல்வெட்டுல ஏறப்போகுது! பதினேழுன்னு ஏறிட்டா என் தொப்பி டூப்ளிகேட்டு ஆயிடும்! ஜென்மத்துக்கும் ஓட்டல்காரன் தொப்பிதான்!”

“அப்ப சரியானதைச் சொல்லிடுங்க.”

ஆய்வாளர் மாடிப்படியாக எழுதிப் பார்த்தார்: ‘ஆட்சேபம்!!!!’ உடனே நடுவர் திருப்பினார்: ‘மன்னிக்கவும். சட்டம் பன்னிரண்டு. நீங்கள் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.’

“எந்த மடையன் எழுதின சட்டம் இது!” என்று கத்தினார். அப்புறம் ஞாபகம் வந்து உட்கார்ந்துவிட்டார்.

மனைவி எதிரே வந்து உட்கார்ந்தார். “எட்டு நிமிஷம் இருக்கு. அதுக்குள்ள எல்லாத்தையும் சொல்லிடறேன், கேட்டுக்கோங்க. பதினஞ்சு நாளா உங்க எதிர்ல இளிச்சுக்கிட்டு இருந்ததே ஒரு பல்லு, அது யாருதுன்னு நினைச்சீங்க?”

“யாருது?”

“உங்க நடுவரோடது.”

ஆய்வாளர் மேஜையில் அந்தப் பல்செட் இருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார். இடம் காலி.

“வாய் நிறைய மெழுகை வெச்சு அளவு பாக்கறேன், மனுஷர் கையில போன். என்னன்னு கேட்டா பேச முடியாம திரையைக் காட்டினார். பாத்தா உங்க குழு. அதுல புதுசா ஒரு மாடிப்படி. வீட்டுக்கு வந்து, அந்தக் குழுவை என் போன்லயும் திறந்து வெச்சுக் கவனிச்சேன். குளியலறையில குழாய் திறந்தா அங்க பதில் வருது. குழாயை மூடினா மௌனம்.”

“அப்ப அன்னிக்கே என்னைப் பிடிச்சிருக்கலாமே!”

“எப்படிப் பிடிக்கறது? தொப்பிங்கற பேருலதானே வரக்கூடாதுன்னு சொன்னேன்? மாடிப்படி வந்தா நான் என்ன பண்ண முடியும்? நான் ஒத்துக்கிட்ட சட்டம். அதனால அவர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டேன். தொப்பிக் கேள்வியைப் போடுங்க, யாராவது பதினேழுன்னா சரின்னுடுங்க. அவருக்கும் எது சரின்னு தெரியாது பாவம். புதுப் பல்லைப் போட்டுக்கிட்ட சந்தோஷத்துல சரின்னுட்டார்.”

“அப்ப இது சதி! அவரை மாத்தச் சொல்லு!”

“ஏறினதுக்கப்புறம் நடுவரே நினைச்சாலும் மாத்த முடியாதாமே. ஏறறதுக்கு முன்னாடி ஆட்சேபம் வரணுமாம். சட்டம் ஒம்போது. ஆறு நிமிஷம்.”

“சட்டம் ஒம்போதும் உனக்குத் தெரியுமா?”

“நல்லா எழுதியிருக்கீங்க.”

திடீரென்று ஆய்வாளருக்கு ஒரு சந்தேகம். “பதினேழு தப்புன்னு உனக்கு எப்படித் தெரியும்? உள்ளே இருக்கறது எனக்கு மட்டும்தானே...”

“நாப்பத்தேழு. சிவப்பு நூல். ஏழுக்குக் கீழ ஒரு தையல் விட்டுப்போயிருக்கு. பதினொரு வருஷமா பெட்டியைத் திறந்து தூசி தட்டறது யாருன்னு நினைச்சீங்க? சாவி எங்கேன்னு மாசா மாசம் என்னைத்தானே கேக்கறீங்க?”

தச்சர் பிஸ்கெட்டை டீயில் தோய்த்தபடியே அப்படியே வைத்திருந்தார். அது உடைந்து டீக்குள் விழுந்தது.

ஆய்வாளர் எழுந்து பின்னறை வாசலில் நின்றார். ஒளிநாடாக்கள். பொத்தான் பலகை. கண்ணாடிப் பெட்டிக்குள் தொப்பி. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். இந்த அறை ஜென்மத்துக்கும் அவருடையது. அதற்குள் ஒரு பொய்த் தொப்பி இருக்கும். வாயைத் திறந்தால் தொப்பி உண்மையாகிவிடும். அதை வைக்க அறை இருக்காது. தராசின் இரண்டு தட்டும் சமமாக நின்றன. வாழ்க்கையில் முதல்முறையாக ஆய்வாளருக்குச் சமமான தராசைக் கண்டு எரிச்சலாக இருந்தது.

“நாலு நிமிஷம்” என்றார் மனைவி. குரலில் குத்தல்கூட இல்லை. முட்டை வேகிற நேரம் சொல்வதுபோல் சொன்னார்.

போனில் மூணாவது பட்டன் எழுதிக்கொண்டிருந்தார்: ‘பதினேழு என்று எனக்கு அப்போதே தெரியும். தொப்பியிடம் இருப்பது போலி என்று நான் சொன்னேனே! இப்போது நிரூபணமாகிவிட்டது.’

“அப்போதே தெரியுமாம்! கேள்விக்குறி போட்டுத்தானே எழுதினான்! இவனுக்கு ஒண்ணுக்கும் நாலுக்கும் வித்தியாசம்...”

“ரெண்டரை.”

“ஏம்மா, நீ நெஜமாவே இவ்ளோ...”

“நான் என்னங்க பண்ணினேன்? நான் ஒரு வரிகூட எழுதலை.”

அந்த நிமிஷத்தில்தான், இருபத்துமூன்று வருஷம் கழித்து, ஹார்ன் சத்தம் ஓய்ந்தது. ஜன்னலுக்கு வெளியே மாமனாரின் வாய் அசைந்தது. வார்த்தை ஒவ்வொன்றும் துல்லியமாகக் காதில் விழுந்தது. “ஏன்னா அவ ஜெயிக்கறதுக்கு ஒண்ணுமே பண்ண மாட்டா மாப்பிள்ளை. நீங்க நீங்களாவே இருந்தா அவளுக்குப் போதும்.”

“சாவி எங்கே?” என்றார் ஆய்வாளர்.

மனைவி சாவியை உள்ளங்கையில் தயாராக வைத்திருந்தார்.

பெட்டியைத் திறந்தார். தொப்பியைத் தலைகீழாகத் திருப்பினார். படம் பிடித்தார். பழைய பெயரில் உள்ளே நுழைந்து எழுதினார்: ‘ஆட்சேபம். விடை 47. படம் இணைப்பு. — தொப்பி.’ முற்றுப்புள்ளியைச் சரிபார்த்துவிட்டு அனுப்பினார். இன்னும் நாற்பது விநாடி பாக்கி இருந்தது.

குழுவே கொந்தளித்தது. ‘தொப்பி திரும்பிவிட்டார்!’ ‘நாற்பத்தேழு!’ ‘அசல் தொப்பி!’ மூணாவது பட்டன் கும்பிடு போட்டார். நடுவர் ‘ஆட்சேபம் ஏற்கப்படுகிறது, பீப்ப்ப்’ என்று எழுதி, கீழே தன் படம் ஒன்றையும் போட்டிருந்தார். புதுப் பல் முப்பத்திரண்டும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். பதினைந்து நாள் பார்த்துப் பழகிய அதே இளிப்பு.

“வாங்கண்ணே, அளவெடுத்துடுங்க” என்றார் மனைவி.

தச்சர் பின்னறைக்குள் போய், டேப்பைச் சுவரோடு வைத்து இழுத்தார். கொஞ்சம் கோணலாக இழுத்தார். “பத்தரை அடி வெச்சுக்கலாம்மா. ஒரு அங்குலம் முன்னே பின்னே...”

ஆய்வாளர் தன் பையிலிருந்து முத்திரை குத்திய டேப்பை எடுத்துவந்து, தச்சரிடம் ஒரு முனையைக் கொடுத்துவிட்டு, மறுமுனையைச் சுவரில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.